வேலையில்லாதவர் 3.2 சதவீதம்தானா? நம்ம கடற்கரையில் அந்தக் கணக்கு இடிக்கிறதே

தங்கச்சிமடம் தம்பி கேட்டது:

நாட்டில் வேலையின்மை 3.2 சதவீதம்தான் என்று மத்திய அரசு வீடு வீடாக எடுக்கிற வேலைவாய்ப்பு சர்வேயான பி.எல்.எஃப்.எஸ்ஸின் 2023-24 அறிக்கை சொல்கிறது. 2017-18-ல் 6.1 ஆக இருந்தது, பாதியாகக் குறைந்துவிட்டது என்று டிவியில் பேசுகிறார்கள். குறைந்திருந்தால் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் தெருவில் நின்று பார்த்தால் அது எங்கே குறைந்தது என்று தெரியவில்லை.

எங்கள் ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு வாரத்தில் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ரொம்ப காலமாக இருக்கிற ஏற்பாடு, அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மூன்று நாளிலும் காற்று பலமாக இருந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்க மாட்டார்கள், இலங்கை நேவி படகைப் பிடித்தால் கண்டித்து வேலைநிறுத்தம், அப்புறம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இதெல்லாம் போக, படகில் கூலிக்குப் போகிற ஒரு ஆள் வருஷத்தில் எத்தனை நாள் கடலில் இருப்பார்? போன நாளிலும் டீசல், ஐஸ் செலவு கழித்து மிச்சம் இருந்தால்தான் பங்கு. மீன்பாடு இல்லை என்றால் வெறுங்கையோடுதான் கரையேற வேண்டும்.

என்னோடு டிப்ளமோ முடித்தவன் இப்போது ஐஸ் பெட்டி தூக்குகிறான், அதுவும் படகு வருகிற அன்றைக்கு மட்டும். இவனையெல்லாம் சர்வேயில் வேலையில் இருப்பவன் என்று எழுதுவார்களா, வேலையில்லாதவன் என்று எழுதுவார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரமக்குடி பெரியவர்:

தம்பி, நான் பல வருஷம் வீடு வீடாகப் போய் இந்த மாதிரி சர்வே எடுத்தவன், அதனால் உள்ளபடி சொல்கிறேன். உன் நண்பனை வேலையில் இருப்பவன் என்றுதான் எழுதுவார்கள். விதி அப்படி.

இரண்டு விதமாகக் கணக்கு எடுப்பார்கள். ஒன்று வருஷக் கணக்கு. கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தாய் என்று கேட்பார்கள். பெரும்பகுதி சும்மா இருந்திருந்தாலும், 30 நாளுக்குக் குறையாமல் ஏதாவது வேலை பார்த்திருந்தால் அதைத் துணை வேலை என்று சேர்த்து வேலையில் இருப்பவர் பக்கம் போட்டுவிடுவார்கள். நீ சொன்ன 3.2 இந்தக் கணக்குதான். இன்னொன்று வாரக் கணக்கு. கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும், அந்த வாரம் முழுக்க அவர் வேலையில் இருப்பவர். 2025 ஏப்ரலிலிருந்து மாதா மாதம் வருகிறதே, அது வாரக் கணக்கு. முதல் மாதமே 5.1 சதவீதம் வந்தது. ஒரே நாடு, ஒரே சர்வே, கேள்வியை மாற்றினால் எண் எவ்வளவு மாறுகிறது பார்.

இந்த ஒரு மணி நேர விதி டெல்லியில் கண்டுபிடித்தது இல்லை, உலக அளவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ) வைத்திருக்கும் அளவுகோலும் அதுதான். மாதச் சம்பளக்காரர்கள் அதிகம் இருக்கிற நாட்டில் அதனால் பெரிய தப்பு வராது. திங்கள் போய் புதன் காற்றடித்து சனிக்கிழமை ஸ்டிரைக் ஆன வாரத்தில் நம் ஆளையும் முழு வேலைக்காரன் என்று எழுதுகிறதே, அங்கேதான் கோளாறு.

முன்பு மூன்றாவதாக நாள் கணக்கு ஒன்று இருந்தது. வாரத்தின் ஒவ்வொரு நாளையும் அரை அரை நாளாகப் பிரித்து, எத்தனை அரை நாள் வேலை, எத்தனை அரை நாள் வேலை தேடியும் கிடைக்கவில்லை என்று குறிப்போம். 2011-12-ல் வருஷக் கணக்கில் வேலையின்மை 2.2, வாரக் கணக்கில் 3.7, நாள் கணக்கில் 5.6 சதவீதம். கூலிக்காரனின் நிலைமைக்கு மூன்றில் மிக அருகில் இருந்தது கடைசிக் கணக்குதான். பி.எல்.எஃப்.எஸ் வந்தபோது அந்தக் கணக்கு வெளியிடுவது நின்றுபோனது. அதில்தான் எனக்கு வருத்தம். இன்றைக்கும் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்று படிவத்தில் கேட்கத்தான் செய்கிறார்கள், ஆனால் தலைப்புச் செய்தியில் அது வருவதில்லை.

பாம்பன் பாசிக்காரி மகள்:

ஐயா சொன்னது ஆண்களுக்கு. எங்கள் வீட்டுப் பெண்களை எப்படி எழுதுவார்கள் என்று நான் சொல்கிறேன்.

அம்மா மரிக்கொழுந்து என்கிற கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைப் பிய்க்க வேண்டும். துணி சுற்றியும் விரல் நுனியெல்லாம் கீறல்தான், உப்புத்தண்ணி பட்டுப் பட்டு ஆறவே ஆறாது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி மாதத்தில் 12 நாள் அளவுக்குத்தான் போவார்கள், பாசி மறுபடி வளர வேண்டும் என்று பெண்களே பேசி வைத்த கட்டுப்பாடு அது. மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் கடல் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை கெடுபிடி வேறு. தடைக்காலத்திலும் போக மாட்டார்கள். மிச்ச நாளில் கருவாடு காயப்போடுவது, நண்டு வலையிலிருந்து நண்டு எடுத்துக் கொடுப்பது, எது கிடைக்கிறதோ அது.

ஒரு தடவை வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தார்கள். வாசலில் இருந்தது அப்பா. வீட்டம்மா என்ன செய்கிறார் என்று கேட்டதும் "வீட்லதான் இருக்கா" என்று சொல்லிவிட்டார். அம்மா அப்போது பாசிக் கட்டைத் தலையில் வைத்துக் கரைக்கு வந்துகொண்டிருந்தார். நான் உள்ளேயிருந்து வந்து சொல்வதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கிறது. கிராமப்புறத்தில் வேலை பார்க்கிற அல்லது வேலை தேடுகிற பெண்கள் 2017-18-ல் 24.6 சதவீதம், 2023-24-ல் 47.6 சதவீதம் என்று இதே சர்வே சொல்கிறது. அதில் நிறைய பேர் குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் உதவுகிறவர்கள். புருஷன் வலையில் சிக்கிய மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஒரு ரூபாய்கூடக் கையில் வாங்காத பெண்ணும் வேலையில் இருப்பவர்தான். உழைப்பை உழைப்பு என்று எழுதுவது நல்லதுதான், அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அதைக் காட்டி "பெண்களுக்கு வேலை கிடைத்துவிட்டது" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எந்த வேலை புதிதாக வந்தது? வலமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள், எங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு அதில் மாதச் சம்பளம் கிடைக்கப்போகிறது என்று பார்க்க நாங்களும் காத்திருக்கிறோம்.

கீழக்கரை காக்கா, ஷார்ஜாவிலிருந்து:

யாரும் எங்களைப் பற்றிப் பேசவில்லையே. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து ஊரில் இல்லாதவரை அந்த வீட்டின் ஆளாகவே சர்வே எடுத்துக்கொள்ளாது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி எல்லாம் எடுத்துப் பாருங்கள், வாலிப வயதில் உள்ளவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில்தான் இருப்பார்களோ என்று தோன்றும். உள்ளூரில் வேலை இல்லை என்றுதான் போனோம். போன பிறகு வேலையில்லாதவர் கணக்கிலும் நாங்கள் இல்லை, வேலையில் இருப்பவர் கணக்கிலும் இல்லை. ஊரைவிட்டு ஆட்கள் கிளம்பக் கிளம்ப ஊர்க் கணக்கு நன்றாகத் தெரியும். விசா முடிந்து திரும்பி வந்த என் மச்சான் மகன் இப்போது உறவுக்காரர் கடையில் "சும்மா உட்கார்ந்திருக்கிறான்", அவனையும் வேலையில் இருப்பவன் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

சாயல்குடி வாத்தியார்:

எல்லோரும் சொல்வது சரி, ஆனால் அரசாங்கக் கணக்கு எல்லாமே பொய் என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண்ணிக்கையைக் காட்டி "பாருங்கள் உண்மை நிலவரம்" என்று சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அது இன்னும் மோசமான கணக்கு. என்னிடம் பத்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் எல்லோரும் பதிந்து வைக்கிறார்கள், பிறகு கல்லூரியில் படிக்கும்போதும் பதிவு இருக்கும், தனியார் வேலைக்குப் போன பிறகும் அரசு வேலை வராதா என்று மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். பி.எல்.எஃப்.எஸ் வேலையின்மையைக் குறைத்துக் காட்டுகிறது என்றால் இது கூட்டிக் காட்டுகிறது.

பி.எல்.எஃப்.எஸ்ஸுக்குள்ளேயே தேடினால் நம் பிள்ளைகள் தெரிவார்கள். அதே 2023-24-ல் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களிடம் வேலையின்மை 10.2 சதவீதம். மொத்த எண்ணை விட மூன்று மடங்கு. ஏனென்றால் ஏழைக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க வசதி கிடையாது. வாலிநோக்கத்தில் உப்பளத்துக்குப் போகிறவர், மழை வந்து பாத்தி நிரம்பினால் சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடப் போவார், பனை சீசனில் கருப்பட்டி வேலை, மிளகாய்ப் பழம் எடுக்கக் கூப்பிட்டால் அங்கே. அவர் வேலையில்லாதவராக இருக்கவே முடியாது, சாப்பிட வேண்டுமே. பெற்றோர் சோறு போடுகிற பட்டதாரிதான் "வேலை தேடுகிறேன்" என்று சொல்ல முடியும்.

ஆகவே வேலையின்மை விகிதத்தை வைத்து நம் மாவட்டத்தின் வறுமையை அளக்க முடியாது. மத்திய அரசே 2018-ல் பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்றும் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் எடுத்தது இரண்டே மாவட்டம், ராமநாதபுரமும் விருதுநகரும். எதனால் எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தங்கச்சிமடம் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சொன்னது எனக்கு நன்றாகப் பிடிபட்டது. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறார்கள், இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு என்று அதிகாரிகளிடம் கேட்டால், எங்களிடம் எண் எதுவும் இல்லாததால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. மே 1 கிராம சபை தடைக்காலத்தின் நடுவில்தான் வருகிறது, விசைப்படகுக்குப் போகிற ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். அதற்குள் எங்கள் ஊருக்கு மட்டும் நாங்களே ஒரு கணக்கு எடுத்தால் என்ன? பெரியவரே, எப்படி எடுப்பது?

பரமக்குடி பெரியவர்:

தாராளமாக எடுக்கலாம். 2025-லிருந்து பி.எல்.எஃப்.எஸ்ஸில் மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து, நாடு முழுக்க சுமார் 2.72 லட்சம் வீடுகளில் எடுக்கிறார்கள். அப்படியும் ஒரு கிராமத்து நிலவரம் அதில் கிடைக்காது. அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

"வேலை இருக்கிறதா" என்று மட்டும் யாரிடமும் கேட்காதே. போன மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள், எத்தனை நாள் போகத் தயாராக இருந்தும் வேலை இல்லை, கைக்கு எவ்வளவு வந்தது, இந்த மூன்றையும் கேள். வேலை இல்லாத நாளுக்குக் காரணத்தையும் எழுது: காற்று, தடைக்காலம், ஸ்டிரைக், படகு ரிப்பேர், உடம்பு சரியில்லை. சங்கத்திலிருந்து படகு போன தேதிகள் வாங்கி வைத்துக்கொண்டால் ஞாபகப் பிசகைச் சரிபார்க்கலாம். தடைக்கால மாதம் ஒன்று, நல்ல மீன்பாடு இருக்கிற மாதம் ஒன்று என்று இரண்டு தடவையாவது எடுக்க வேண்டும், ஒன்றை மட்டும் காட்டினால் ஆபீசில் உடனே தள்ளிவிடுவார்கள். பெண்களிடம் பெண்களே போய்க் கேட்கட்டும். பாம்பன் பொண்ணு, நீயும் சேர்ந்துகொள்கிறாயா?

பாம்பன் பாசிக்காரி மகள்:

சேர்ந்துகொள்கிறேன் ஐயா. பாசிக்குப் போகாத நாளில் வந்தால்தான் பெண்கள் நிதானமாகப் பேசுவார்கள், அதனால் பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் ஆனதும் தேதி வைக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் இருப்பவர்களுக்கும் ஒரு கட்டம் போடுங்கள், காக்கா சொன்னது விட்டுப்போகக் கூடாது.