காய்ந்த மண் தடத்தில் பின்பக்கம் நழுவுகிறது, செட்டப் உதவி தேவை

வணக்கம். ஒக்லஹோமாவில் 600 சிசி மைக்ரோ ஸ்பிரின்ட் (நீள்வட்ட மண் தடத்தில் இடப்பக்கமாகவே திரும்பி ஓடும் சிறிய பந்தயக் கார்) ஓட்டும் என் மகனுக்காகக் கேட்கிறேன். மண் ஈரமாக இருக்கும்வரை கார் அருமையாகத் திரும்புகிறது. இறுதிப் பந்தயத்துக்குள் தடம் காய்ந்து வழுவழுப்பாகிவிடும்; அப்புறம் வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தாலே பின்பக்கம் நழுவுகிறது.

வலது பின் டயர், இடதைவிடச் சுற்றளவில் 5 அங்குலம் பெரியது. டிஃபரென்ஷியல் இல்லாத அச்சு, அதாவது இரண்டு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலும் என்பதால் இந்த வித்தியாசம்தான் காரை இடப்பக்கம் திருப்ப உதவுகிறது. அதைக் குறைத்தால் வெளியேறும்போது பிடிப்பு கூடும், சரி. ஆனால் வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் திரும்பாமல் நேராக ஓடுமோ என்று கவலையாக இருக்கிறது. வலது பின் டயரில் காற்றைக் குறைத்ததில் ஓரளவு பலன் தெரிந்தது.

அடுத்து எதைத் தொடலாம்? டயர் வித்தியாசமா, வலது பின் டார்ஷன் பாரா (முறுங்கி ஸ்பிரிங்போல வேலை செய்யும் கம்பி), ஷாக் அப்சார்பரா? ஒவ்வொன்றாகத்தான் மாற்றப் போகிறோம். இந்த வகைக் காரில் அனுபவமுள்ளவர்கள், காய்ந்த தடத்தில் நீங்கள் முதலில் மாற்றுவது எது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.