கல்லறைத் தோட்டத்துப் பழைய மண்டபம்: வருஷம் எது, பூச்சு ஏன் உதிருது?

தேரிக்காடு:
எங்க சேகரத்துக் (ஒரு போதகர் கவனிக்கிற சபைகளோட வட்டாரம்) கல்லறைத் தோட்டத்தில் செங்கல்லும் காரையுமா (சுண்ணாம்புச் சாந்து) ஒரு குடும்ப மண்டபம். நாலு தூண், வளைவுக் கூரை, உள்ளே மூணு கல்லறை. யார் கட்டினதுன்னு கமிட்டியில் யாருக்கும் தெரியல. ஒரு பலகையில் கடைசி வரி "௲௩௰௬ ௵ மாசி ௴". 1306னு சிலர் அடிச்சுச் சொல்றாங்க. சிமெண்ட் பூசி நாலு வருஷம்தான், கீழே மூணடிக்குப் பொரிஞ்சு விழுது. ஐப்பசி மழைக்கு முன்னாடி மறுபடி பூசலாமா?

ஓலைச்சுவடி:
1306 இல்லை, 1036. ௲ ஆயிரம், ௩௰ முப்பது, ௬ ஆறு; ௵ வருஷம், ௴ மாசம். நம்ம பக்கம் புழங்கின கொல்லம் ஆண்டு இது, ஆவணியில் பிறக்கும். கிறிஸ்து வருஷம் கிடைக்க மார்கழிப் பாதி வரை 824 கூட்டணும், அப்புறம் ஆடி வரை 825. மாசிங்கிறதால 1861. கிறிஸ்து வருஷமா இருந்தா ௲௮௱௬௰௧னு வெட்டியிருப்பாங்க. ௰ 'ய' மாதிரியும் ௬ 'சு' மாதிரியும் இருக்கும், அங்கேதான் ஆள் தடுமாறுவது.

ஆனா அது இறந்த வருஷம், மண்டபம் கட்டின வருஷம் இல்லை. பலகையின் ஓரத்து மேல பழைய காரை ஏறியிருந்தா பலகை முந்தினது. காரையைக் கொத்திப் பதிச்சிருந்தா மண்டபம் முந்தினது. இருட்டினதும் டார்ச்சைப் பலகையோட ஒட்டிப் பக்கவாட்டில் பிடிச்சுப் படம் எடுங்க. கம்பி பிரஷ், ஆசிட் வேண்டவே வேண்டாம்.

பாளை வாசகன்:
அடக்கப் பதிவேட்டை முதலில் சேகரத்திலேயே தேடுங்க. தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் (பேராயர் ஆளுகைப் பகுதி) 2003ல் திருநெல்வேலித் திருமண்டலத்தில் இருந்து தனியாப் பிரிஞ்சதால சில ஏடு பழைய தலைமையிடமான பாளையங்கோட்டையில் தங்கியிருக்கலாம். ரெண்டு இடத்திலும் கேட்கணும். மெஞ்ஞானபுரம், டோனாவூர் வட்டாரம்னா சி.எம்.எஸ்.ங்கிற இங்கிலாந்து மிஷன் சங்கம், அந்த மிஷன் கடிதங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கு. நாசரேத், முதலூர், இடையன்குடின்னா எஸ்.பி.ஜி.ங்கிற இன்னொரு இங்கிலாந்து மிஷன் சங்கம், அதோட கடிதங்கள் ஆக்ஸ்போர்டில்.

காரைக்கட்டு:
அண்ணாச்சி, மறுபடி சிமெண்ட் மட்டும் வேண்டாம். தரை ஈரம் செங்கல்ல ஏறும். காரை அதை வெளியே விடும், சிமெண்ட் அடைச்சுரும். உப்பு பின்னாடியே பூத்து, செங்கல் முகத்தோட பேத்துட்டு வரும். உங்க மூணடி அதுதான்.

சிமெண்டை உளியால் மெல்லக் கொத்தி எடுங்க, மிஷின் வச்சு உடைக்காதீங்க. ஒரு மாசம் காயட்டும். பூத்த உப்பைக் காஞ்ச தூரிகையால் தட்டுங்க, தண்ணி ஊத்தினா திரும்ப உள்ளே போயிரும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணி விட்டு நீத்து, குறைஞ்சது 15 நாள் தண்ணிக்குள்ள வச்சு, சல்லடையில் வடிக்கணும். 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு ஆத்து மணல். கடல் மணலில் உப்பு, தேரி மணல் (நம்ம பக்கத்துச் செம்மணல் மேட்டு மணல்) ரொம்பப் பொடி; ரெண்டும் ஆகாது. கடுக்காயை இடிச்சு, கருப்பட்டியோட ஊறப்போட்ட தண்ணியில் குழைங்க. ஒரு பூச்சு 10 மி.மீ. தாண்டக் கூடாது, அடுத்ததுக்கு ஒரு வாரம் விடுங்க. தடியா அப்பினா வெடிக்கும். நனைஞ்ச சாக்கு ரெண்டு வாரம் தொங்கணும். ஐப்பசிக்குள்ள அவசரப்படாதீங்க, தையில் தொடங்குங்க.

தேரிக்காடு:
கூரையில் அரசங்கன்று ஒண்ணு இருக்கு. பிடுங்கலாமா?

காரைக்கட்டு:
பிடுங்கினா வளைவுச் செங்கல் கூடவே வரும். அடியோட அறுத்து, வெட்டுவாயில் உடனே கிளைபோசேட் (களைக்கொல்லி) தடவுங்க. உப்பு வைக்காதீங்க. வேர் செத்து மட்கின பிறகு சந்தில் சுண்ணாம்புக் கலவையை நீர்க்கக் கரைச்சு ஊத்தி அடைங்க.