இழை பாதியில் அணைஞ்சா என்ன காரணம்? பிள்ளையார் நோன்பு அனுபவங்கள்

முகப்புத் திண்ணை:
பிள்ளையார் நோன்புன்னா செட்டிநாட்டு நகரத்தார் வீடுகள்ல திருக்கார்த்திகை முடிஞ்சு 21ஆம் நாள் எடுக்கிறது. கோடி வேட்டியில உருவின 21 நூல் இழையைச் சேர்த்துத் திரியாக்கி, இனிப்பு மாவுல பிடிச்ச பிள்ளையார்ல வச்சு ஏத்தி, சுடரோட வாயில வாங்கிக்குவோம். அந்தத் திரி வச்ச மாவையும் இழைன்னுதான் சொல்வோம். இந்த வருஷ நோன்பு முடிஞ்சு நாலு நாள் ஆச்சு, அந்தக் கருப்பு மணி இன்னும் கண்ணை விட்டுப் போகலை. திரியை ஏத்தினதும் சுடர் நிமிர்ந்து நிக்காம சடசடன்னு பொரிஞ்சுது. கரும்புகை. நுனியில மிளகு அளவுக்கு ஒண்ணு உருகித் தொங்குது, வாங்கிக்க வேண்டிய பிள்ளை வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. பெரியவர் சட்டுன்னு கையை இழுத்துக்கிட்டதால தப்பிச்சுது.

காரணம் வேட்டி. கோடி வேட்டிதான், ஆனா பாலியஸ்டர் கலந்த நூல். கடையில தொட்டுப் பார்த்தா தெரியாது, புது வேட்டியில இருக்கிற கஞ்சி மறைச்சுடும். ஒரு நூலை உருவி இடுக்கியில பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. பருத்தின்னா காகிதம் எரியற வாடை வரும், சாம்பல் தொட்டா பொடியும். கலப்புன்னா நுனி சுருண்டு உருகி, ஆறினதும் நகத்தால நசுக்க முடியாத மணியா நிக்கும். கரைப் பக்கத்து நூலும் சரிகையும் எப்பவுமே வேண்டாம். நடுவில இருக்கிற வெள்ளை நூலா உருவுங்க. திருக்கார்த்திகைக்கு முன்னாடியே இந்தச் சோதனையை முடிச்சுடணும், இழை சேர்த்து முடிச்ச பிறகு தெரிஞ்சு பிரயோசனம் இல்லை.

வளவு:
வேட்டி சுத்தப் பருத்தியா இருந்தும் அணையும். பார்த்ததுல முக்கால்வாசி மாவோட ஈரம்தான். சுடர் நல்லாத்தான் பிடிக்கும், மாவைத் தொடற இடத்துக்கு இறங்கினதும் 'சுர்'ன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவச்சு, நீரை வடிச்சு, நிழல்ல துணியில பரப்புங்க. கையில பிடிச்சா ஒட்டணும், உதறினா விழணும். அந்தப் பதத்துல இடிச்சுச் சலிக்கணும். மாவு 1 தம்ளருக்கு வெல்லம் முக்கால் தம்ளர். வெல்லத்தைக் கரைச்சு, மண் போக வடிகட்டி, விரலுக்கு நடுவில பிசுக்குன்னு ஒட்டற வரைக்கும் கொதிச்சா போதும். கம்பிப் பாகுக்கு விட்டா ஆறினதும் கல்லாயிடும், சின்னப் பிள்ளைங்க மெல்ல முடியாது. பாகை மாவுல கொஞ்சங்கொஞ்சமா ஊத்தணும். மாவை மொத்தமா பாகுல கொட்டினா தளர்ந்து போய் அப்புறம் சரிபண்ண வழியே இல்லை. நெய் 2 தேக்கரண்டி, ஏலக்காய்.

பிள்ளையார் பிடிக்கிறது நெல்லிக்காய் அளவுக்கு மேல வேண்டாம். திரியை நெய்யில நனைச்சுப் பிழிஞ்சுட்டு வைங்க. சொட்டற நெய்யோட ஏத்தினா உதட்டுல விழுந்து சுடும். வெளியில தெரியற நுனி ஒரு அரிசி நீளம் இருந்தாப் போதும். சுடரோட வாங்கி உதட்டை மூடினதும் காத்து இல்லாம தானா அணையும். ஊதக்கூடாது, பயந்து மூச்சையும் இழுக்கக்கூடாது. பிள்ளைங்களுக்கு இதை முதல் நாளே திரி இல்லாத மாவை வச்சுப் பழக்கிடுங்க.

வெளியூர்ல இருக்கிறவங்க தேதிக்கு ரொம்பக் கவலைப்பட வேண்டாம், அடுத்து வர்ற ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம்.

பட்டாலை:
வளவு ஆச்சி, மாவுக்குச் சொன்னதெல்லாம் சரி. ஞாயித்துக்கிழமைன்னு சொன்னதை மட்டும் ஏத்துக்க முடியலை. 21 இழைன்னா சும்மா வச்ச எண் இல்லை. கார்த்திகைப் பௌர்ணமிக்குப் பிறகு தேய்பிறை 15 நாள், அமாவாசை தாண்டி ஆறாம் நாள் சஷ்டி. கூட்டிப் பாருங்க, 21. நட்சத்திரக் கணக்கும் அங்கேயே வந்து நிக்குது. கார்த்திகை 3ஆவது, சதயம் 24ஆவது, வித்தியாசம் 21. மார்கழியில சஷ்டியும் சதயமும் கூடற நேரம்னு பெரியவங்க வச்சதுக்கு இதுதான் அடிப்படை. ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளினா ரெண்டுமே கைவிட்டுப் போகும்.

திதியும் நட்சத்திரமும் ஒரே அளவு நேரம் நிக்கிறதில்லை, அதனால சில வருஷம் ஒண்ணு முன்னாடி முடிஞ்சுடும். அப்ப ரெண்டும் சேர்ந்திருக்கிற நேரத்தைப் பஞ்சாங்கத்துல பார்த்து அதுக்குள்ள இழை எடுத்துக்கணும். நாள் முழுக்க விரதம் இருந்து சாயங்காலம்தானே எடுக்கிறோம், வேலைக்குப் போறவங்களுக்கும் இடைஞ்சல் இல்லை.

அடுப்படி:
இழையைப் பத்திப் பேசறீங்க, பலகாரத்தை யாரும் எடுக்கலை. வெள்ளைப் பணியாரம் சிவந்து போறதைப் பார்த்தா மனசு தாங்கலை, அதனால கேக்காமலே சொல்றேன்.

அளவு கோபுரம்தான். ஒரு தம்ளர் பச்சரிசியைத் தலை வழிச்சு அளந்து, அதே தம்ளர் மேல உளுந்தைக் கோபுரமா நிக்கிற வரைக்கும் கொட்டுங்க. சுமார் 2 மேசைக்கரண்டி வரும். உளுந்து கூடினா எண்ணெய் குடிக்கும், குறைஞ்சா தட்டையாப் போய் விறைக்கும். ரெண்டையும் சேர்த்து 2 மணி நேரம் ஊறவச்சு வெண்ணெய் மாதிரி ஆட்டணும். விரல்ல தேய்ச்சா குருணை தட்டக்கூடாது, தட்டினா எண்ணெயில வெடிக்கும். உப்பு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை, காய்ச்சி ஆறின பால் கால் தம்ளர். தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமா இருக்கணும்.

புளிக்கவே விடக்கூடாது. பாதிப் பேர் இட்லி மாவு மாதிரி ராத்திரியே ஆட்டி வச்சுடறாங்க. புளிச்ச மாவு எண்ணெயையும் குடிக்கும், சிவக்கவும் செய்யும். ஆட்டின கையோட சுடுங்க, முடியலைன்னா குளிர்பெட்டியில வைங்க.

குழிவான சின்ன இரும்பு வாணலி. சப்பட்டையான சட்டியில மாவு ஓடிப் பரவிடும். எண்ணெய் நல்லாக் காஞ்சதும் தீயைக் குறைச்சு, ஒரு கரண்டி மாவை நட்ட நடுவில ஒரே ஊத்தா ஊத்துங்க. அடியிலயே கிடந்தா சூடு பத்தலை. ஊத்தினதும் ஓரம் பழுப்பானா சூடு அதிகம். தானா மேல எழும்பி, ஓரம் பூ மாதிரி விரியும். அப்ப ஜல்லிக்கரண்டியால ஒரு திருப்பு, எண்ணி பத்து, எடுத்துடுங்க. ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான், ரெண்டு போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ரெண்டும் கெடும். வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி வச்சு அரைச்ச துவையல்ல நல்லெண்ணெய் தாராளமா விடுங்க.

ஆல்வீடு:
மேல சொன்னது வெள்ளைப் பணியாரத்துக்குச் சரி. அதைப் படிச்சுட்டு யாரும் கருப்பட்டிப் பணியாரத்தையும் உடனே சுட்டுடாதீங்க, அது நேர் எதிர். மாவும் பாகும் 6 மணி நேரமாவது சேர்ந்து ஊறணும். இல்லைன்னா நடுவில வேகாத மாவு நிக்கும். எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு கரைஞ்சு போனா கருப்பட்டி கூடிடுச்சுன்னு அர்த்தம். ஒரு கைப்பிடி அரிசி மாவு சேர்த்துக் கலக்கி, ஒண்ணு மட்டும் சுட்டுப் பார்த்துட்டு மேல போங்க. கருப்பட்டியில மண்ணும் ஓலைத் தூசும் இருக்கும், துணியில வடிகட்டாம விடாதீங்க.

கவுனி அரிசி (கருப்பு அரிசியில செய்யற இனிப்பு) விறைச்சுப் போச்சுன்னும் அடிக்கடி கேக்கறாங்க. சர்க்கரையை அவசரப்பட்டுப் போடறதுதான் காரணம். இனிப்பு சேர்ந்த பிறகு அந்த அரிசி வேகாது. ராத்திரி முழுக்க ஊறவச்சு, ஊறின கருநீலத் தண்ணியையே அளந்து 1க்கு 3 வச்சு, விரல்ல நசுங்கற வரைக்கும் வேகவிடுங்க. அப்புறம்தான் சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய்.

மேலக் கொல்லை:
நோன்பு பல வருஷம் அரையாண்டு விடுமுறையை ஒட்டி வருது, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு ஒண்ணு. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு மதியம் போய் நின்ன ஒரு குடும்பம் வெறும் கருவேல மரத்தைப் பார்த்துட்டுத் திரும்பிச்சு. பறவைங்க பகல்ல இரை தேடிப் போயிடும். விடியற்காலையில போங்க, இல்லைன்னா சாயங்காலம் நாலரைக்கு மேல கூடு திரும்பற நேரத்துல போங்க. சத்தம் வேண்டாம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி சனங்க பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்கிறதில்லை, நாம கார் ஒலிப்பானை அடிக்கிறது நியாயமில்லை. காலையில குன்றக்குடி, பிள்ளையார்பட்டி ரெண்டையும் நடை சாத்தறதுக்கு முன்னாடி முடிச்சுட்டு, சாயங்காலம் வேட்டங்குடி வச்சா திருப்பத்தூர் வழியாச் சரியா அமையும். பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் வலம்புரி, கை ரெண்டுதான். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு மறக்காது.

கீழவளவு:
ஒரே ஒரு சந்தேகம். மாசமா இருக்கிற பெண்ணுக்கு வயித்துப் பிள்ளைக்கும் சேர்த்து ரெண்டு இழைன்னு கொடுத்தாங்க. ரெண்டு திரியையும் ஒரே மாவுல வச்சு ஏத்தினதுல சுடர் பெருசாகி, அந்தப் பெண் பயந்து பின்வாங்கிடுச்சு. எப்படிக் கொடுக்கணும்?

வளவு:
ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்கக்கூடாது. சுண்டைக்காய் அளவுக்கு ரெண்டு பிள்ளையார் தனித்தனியாப் பிடிச்சு, முதல் இழையை வாங்கி விழுங்கி, ஒரு வாய் தண்ணி குடிச்ச பிறகு ரெண்டாவதை ஏத்துங்க. அவங்களுக்கு நெய்யை இன்னும் இறுக்கமாப் பிழிஞ்சுடுங்க. உக்கார வச்சுக் கொடுங்க, நிக்க வேண்டாம்.

பட்டாலை தம்பி, ஞாயித்துக்கிழமைன்னு எழுதினது தப்புத்தான். 3ல இருந்து 24ன்னு நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்தேன், சரியா இருக்கு.