வெளிநாட்டுக் கிளப்புக்கு ஆடப்போன கூடைப்பந்துக்காரர்கள்: நாம் பார்த்ததும் பேசியதும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஆசிய நாடொன்றில் ஒரு சீசன் கூடைப்பந்து ஆடிவிட்டு வந்திருக்கிறாள். பெயர் போடவில்லை, அவளுக்கு அதில் விருப்பமில்லை. நான் பி.டி. டீச்சராக இருக்கும் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவள். எட்டாவதிலேயே டீச்சர்கள் எல்லோரையும்விட உயரம். ஸ்போர்ட்ஸ் கவுன்சில் ஹாஸ்டல் செலக்‌ஷனுக்கு நான்தான் கூட்டிப் போனேன். கேரளாவுக்கு ஆடி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலையும் வாங்கிவிட்டாள். இவளுடைய பெரியப்பா மகளும் ஆடுகிறவள்தான், பொள்ளாச்சியில் இருப்பதால் அவள் தமிழ்நாட்டுக்கு ஆடுகிறாள். எங்கள் எல்லையோரக் குடும்பங்களில் இது சகஜம்.

ஓண லீவுக்கு வந்தவள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். சம்பளம் எவ்வளவு, கூட்டம் எப்படி என்று நான் கேட்கக் கேட்க, அவள் பேச்சு காகிதங்களிலேயே சுற்றியது.

"ஆட்டமெல்லாம் அப்புறந்தானுங்க டீச்சர். நம்ம ஃபெடரேஷன்ல இருந்து லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ், அதாவது வெளிநாட்டுல ஆடலாம்ங்கற அனுமதிக் கடுதாசி, வராட்டி அங்க கோர்ட்டுல எறங்க முடியாது. அதுக்கும் முன்னால ஆபீஸ்ல லீவு கெடைக்கோணும். போய்ச் சேர்ந்ததும் மெடிக்கல். முட்டி சரியில்லைன்னு டாக்டர் எழுதிட்டா, கையெழுத்துப் போட்ட காண்ட்ராக்டும் போச்சுங்க."

வெளிநாட்டு ஆட்டக்காரிக்கு அணியில் ஒன்றிரண்டு இடந்தான் ஒதுக்குவார்களாம். உள்ளூர்ப் பெண் ஆறு பாயிண்ட் எடுத்தால் கைதட்டுவார்கள். இவள் ஆறு எடுத்தால் மேனேஜர் முகம் சுருங்கிவிடும். தொடர்ந்து மூன்று மேட்ச் சொதப்பினால் வேறொருத்திக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள் என்ற பயத்திலேயே அந்த சீசன் முழுவதும் தூங்கியிருக்கிறாள். கேட்கவே எனக்கு நெஞ்சு அடைத்தது.

சம்பளம் ஒரு கட்டத்தில் இழுபட்டிருக்கிறது. கூட ஆடிய வேற்றுநாட்டு அக்கா ஒருவர், பல ஊர்க் கிளப்புகளில் ஆடித் தேர்ந்தவர், இவளுடைய காண்ட்ராக்டைப் பிரித்து ஒரு பத்தியைக் காட்டியிருக்கிறார். தகராறு வந்தால் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்கிற பத்தி. உலகக் கூடைப்பந்துச் சங்கமான ஃபிபா 2007இல் தொடங்கிய அமைப்பு அது, ஜெனீவாவைத் தலமாகக் கொண்டது. சம்பளம் வராத ஆட்டக்காரர்களுக்குப் பெரிய துணை. ஆனால் அந்தப் பத்தி காண்ட்ராக்டில் இருந்தால்தான் அங்கே கதவு திறக்கும். இவள் அதைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போட்டாள், பாக்கி வந்து சேர்ந்தது.

ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று சொன்னாள், அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நம் பக்கம் ஒரு பெண் ஆறடி வளர்ந்துவிட்டால் வளையத்துக்கு அடியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ரிபவுண்ட் எடு (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடி), திரும்பிப் போடு, அவ்வளவுதான். அங்கே போனால் எதிரணியில் அவளைவிட உயரமானவர்கள் இருக்கிறார்கள், அவர்களே 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்று மூன்று பாயிண்ட் போடுகிறார்கள். இவள் அந்த ஷாட்டை முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது, அதுவும் வேலை பறிபோகும் பயத்தோடு. உயரமான பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு வயதிலேயே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் தூரத்திலிருந்து போடவும் சொல்லித்தர வேண்டும் என்று எந்த கோச்சைப் பார்த்தாலும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

வாளையாரிலிருந்து:

டீச்சர் எழுதியதைப் படித்ததும் கூடைப்பந்துக்காரர் கீது அன்னா ஜோஸ் ஞாபகம் வந்தது. நான் ஒலவக்கோட்டில் (பாலக்காடு ஜங்ஷனை எங்கள் வீட்டில் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம்) ரயில்வே வேலையில் இருந்தவன். தெற்கு ரயில்வேக்கு அவர் ஆடியதைச் சென்னையில் கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கோட்டயம் பக்கத்துக்காரர், ஆறடி இரண்டங்குலம். பந்து அவர் கைக்குப் போனால் எதிரணி மொத்தமும் அவரைச் சுற்றி நிற்கும், அப்படியும் போடுவார்.

2006இல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கத்து ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடப் போனார். 2011இல் அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ், சான் ஆன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் ஆகிய மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. இந்தியப் பெண் ஒருவருக்கு அந்த அழைப்பு வந்தது அதுதான் முதல் தடவை. இடம் கிடைக்கவில்லை. அப்போது அந்த லீக்கில் 12 அணிகள், அணிக்கு அதிகம் போனால் 11 பேர். ஆக, உலகம் முழுவதற்கும் சேர்த்து 132 இடங்கள். கிடைக்கவில்லையே என்று சொல்கிறவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2014இல் அர்ஜுனா விருது வாங்கினார்.

ரயில்வே வேலை கையில் இருந்ததால் அவருக்குத் திரும்பி வர ஒரு இடம் இருந்தது என்பது என் எண்ணம். அரசு வேலை பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். முட்டி போனால் மருந்துச் செலவை எந்த வெளிநாட்டுக் கிளப் கடைசிவரை பார்க்கும்? லீவை மட்டும் தாராளமாகக் கொடுத்தால் போதும்.

மீனாட்சிபுரத்திலிருந்து:

என் மகள் இப்போது ஹாஸ்டலில் இருக்கிறாள், பத்தாவது. போன மாதம் ஒருவர் போன் செய்து, வெளிநாட்டுக் கிளப்பில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்றார். என்ன செய்யலாம் டீச்சர்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

ஒரு ரூபாயும் கட்டாதீங்க அண்ணா. ஏஜெண்டுக்குக் கமிஷன் காண்ட்ராக்டில் கையெழுத்தான பிறகுதான், பெரும்பாலும் கிளப்பே கொடுத்துவிடும். ஃபிபா லைசன்ஸ் வாங்கிய ஏஜெண்டுகளின் பட்டியல் ஃபிபா இணையதளத்திலேயே இருக்கிறது, அந்த ஆளின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்தாவது படிக்கிற பிள்ளையைத் தேடி எந்தக் கிளப்பும் இப்படிப் போனில் வராது. ஹாஸ்டல் வார்டனிடமும் கோச்சிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்ற பெற்றோருக்கும் அதே போன் போயிருக்கும்.