மறு: ‘நிக்கோட்டின் தடுப்பி’ என்ற சொல்லை மாற்றுவோம்

வணக்கம் ஐயா,

மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் நீங்கள் சேர்த்த ‘நிக்கோட்டின் தடுப்பி’ பற்றி எழுதுகிறேன். நான் பெங்களூரில் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து தலைக்காயத்தோடு வருகிறவர்களின் வீட்டாருக்குத் தமிழில் விளக்கிச் சொல்வதும் என் வேலைதான். ‘நிக்கோட்டின் தடுப்பி கொடுக்கிறோம்’ என்று சொன்னால், “எங்கப்பா பீடியே தொட்டதில்லையேம்மா” என்பார்கள்.

இந்த மருந்துகள் மறிப்பது, நரம்பின் செய்தியைக் கடத்த நம் உடலே சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையை. அது போய்ச் சேர்ந்து ஒட்டும் இடங்கள்தான் ஏற்பிகள் (receptors). அவற்றில் ஒரு வகையை நிக்கோட்டினும் தூண்டும், அதனால்தான் அந்தப் பெயர். 1914இல் உடலியங்கியல் அறிஞர் ஹென்றி டேல் செய்த பாகுபாடு இது. ஆகவே ‘நிக்கோட்டின்வகை ஏற்பி அடைப்பான்’ என்று வைக்கலாம். நீளமான சொல்தான், ஆனால் ‘ஏற்பி’யை விட்டுவிட்டால் பொருளே மாறிப்போகிறது.

‘அடைப்பான்’ ஏன் என்றால், இவ்வகை மருந்துகளில் ஒன்றான ராக்குரோனியம் அசிட்டைல்கோலின் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொன்றான மெக்கமிலமைன் ஏற்பியின் நடுவே அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) போகும் துளையை அடைக்கிறது. இந்த ஒரு சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

அப்புறம், மூளை வீக்கத்துக்கு நேரே ‘மூளை அழற்சி’ என்று போட்டிருப்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வைரஸ் காய்ச்சலில் மூளை பாதிக்கப்படுவதற்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருக்கிறது. இங்கே பேச்சு மூளைத் திசுவில் நீர் மிகுவதைப் பற்றியது. நரம்பு நோயியல் அறிஞர் க்லாட்சோ 1967இல் அதை இரண்டாகப் பிரித்தார். ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து செல்களுக்கு வெளியே நீர் சேர்வது ஒன்று, செல்களே நீரை இழுத்து உப்புவது இன்னொன்று. ‘கசிவு வீக்கம்’, ‘செல் வீக்கம்’ என்றால் வீட்டாருக்கும் புரியும். ‘நீர்க்கோர்ப்பு’ வேண்டாம், மூளையின் அறைகளில் நீர் தேங்குவதை அப்படித்தான் சொல்கிறோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ராக்குரோனியம், வெக்குரோனியம் போன்றவை தசையைத் தளர்த்துபவை, ரத்தத்தில் இருப்பவை மூளைக்குள் போகாமல் காக்கும் ரத்த–மூளைத் தடையை எளிதில் தாண்டாதவை. வென்டிலேட்டரில் இருப்பவர் இருமினாலோ நடுங்கினாலோ மண்டைக்குள் அழுத்தம் ஏறும். அதைத் தவிர்க்கத்தான் கொடுக்கிறோம், அவை வீக்கத்தை வற்றவைப்பதில்லை. மெக்கமிலமைன் மூளைக்குள் போகும். அங்கே நிக்கோட்டின்வகை ஏற்பிகளில் ஒன்றான ஆல்ஃபா–7 ஏற்பி தூண்டப்பட்டால் அழற்சி தணிவதாக விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியானால் எல்லா ஏற்பிகளையும் சேர்த்து அடைப்பது நல்லதா என்று ஆய்வில் கேட்டே ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், வெக்குரோனியம் மூளை வீக்கத்துக்கே மருந்து என்று படிப்பவர் நினைத்துவிடுவார். பொதுச்சொல்லின் கீழ் ‘தசைத்தளர்த்தி’ என்று தனிப்பதிவு வேண்டும் ஐயா.

—

அன்புள்ள சகோதரிக்கு,

‘ஏற்பி’ இல்லாமல் சுருக்கியது சரியில்லைதான், மாற்றிவிடுகிறேன். ‘அழற்சி’யையும் எடுத்துவிட்டேன். தசைத்தளர்த்தியோடு இன்னொரு தனிப்பதிவும் தேவை. மெக்கமிலமைன் 1950களில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து, நரம்புமுடிச்சுகளில் வேலை செய்வது. அதை ‘நரம்புமுடிச்சு அடைப்பான்’ என்று போடுகிறேன். ‘செல் வீக்கம்’ மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பட்டியல் முழுக்க ‘உயிரணு’ என்றே எழுதியிருக்கிறோம், அதனால் ‘உயிரணு வீக்கம்’ என்றே இருக்கட்டும். வார்டில் நீங்கள் ‘செல்’ என்றே சொல்லுங்கள், அங்கே புரிவதுதான் முக்கியம்.