தடுப்புச் சுவருக்குள் சாம்பலும் பிளாஸ்டிக்கும்: நம் கரைக்கு ஒத்து வருமா?

கீழக்கரைக்காரன்: எங்கள் பக்கம் சின்னப் பாலத்து ஏற்றச் சாலைக்குத் தடுப்புச் சுவர் கட்டவேண்டும். கிராவல் கட்டுப்படியாகவில்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் தண்ணீர் பாட்டிலைக் கீறிக் கலந்து நிரப்பலாம் என்கிறார் ஒருவர். சரிப்படுமா?

மண்டபம் சிவில்: தாராளமாக. சாம்பல் மணலைவிட எடை குறைவு, அதனால் சுவரைத் தள்ளும் அழுத்தமும் குறையும். டெல்லி ஓக்லா மேம்பாலத்தில் 1990களிலேயே சாம்பல் நிரப்பினார்கள். பாட்டில் துண்டு வேர் மாதிரி சாம்பலைப் பிடித்துக்கொள்ளும். அளவு மீறினால்தான் வழுக்கும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக்கில் சாலையே போட்டு 2018இல் பத்மஸ்ரீ வாங்கினாரே!

வலைக்காரன்: தாரோடு உருகி ஒட்டிய பிளாஸ்டிக் வேறு தம்பி, சாம்பலுக்குள் சும்மா கிடக்கும் துண்டு வேறு. சாம்பலோ மாவு. சுவரில் விரல் நுழையும் சந்து போதும், அலை உறிஞ்சி உறிஞ்சி உள்ளே பொந்தாக்கிவிடும். அதில் ஆர்சனிக், குரோமியமும் உண்டு. எதிரே மன்னார் வளைகுடாவின் 21 தீவு, ஆவுளியா (கடல்பசு) மேயும் கடற்புல். இப்போதே வலையில் கணவாயைவிட கேரி பேக்தான் அதிகம்.

மண்டபம் சிவில்: அண்ணே, அவர் கேட்டது பாலத்துச் சாலை, கடல் சுவர் இல்லை. பின்னால் வடிகட்டித் துணி, ஜல்லி வடிகால், மேலே மண் மூடி. இவ்வளவும் போட்டால் சாம்பல் எங்கே போகும்? ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: சுவரைப் பிடித்து நிறுத்த நிரப்பலுக்குள் போடும் இரும்புப் பட்டை உப்பில் துருப்பிடிக்கும், சாம்பலின் காரத்தில் பாலியெஸ்டர் வலை நைந்துபோகும். எச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) வலைதான் போடவேண்டும்.

வலைக்காரன்: போட்டார்களா என்று யார் பார்ப்பது? எங்கள் தெருக் கல்கட்டு ஐப்பசி மழையில் சரிந்தபோது எண்ணினோம். பில்லில் வடிகால் குழாய் ஆறு, சுவரில் இரண்டு.

கீழக்கரைக்காரன்: வலைக்காரக் காக்கா (அண்ணன்) சொல்வதும் சரிதான். பௌர்ணமிக்குச் சுவர் வரும் இடம் முழங்கால் அளவு நனைகிறது. அந்த உயரம் வரை கல்லும் கிராவலும், அதற்கு மேல் சாம்பல், பாட்டில் வேண்டாம் என்று கேட்டுப் பார்க்கிறேன்.

மண்டபம் சிவில்: பாட்டிலை விட்டால் பாதி லாபம் போச்சு. சரி, அடுக்கடுக்காக நனைத்து ரோலர் ஓட்டச் சொல்லுங்கள்.

வலைக்காரன்: சாம்பல் லாரி ஆடிக்கு முன்னாலேயே வரட்டும். மேல்காற்று கிளம்பினால் அத்தனையும் எங்கள் கருவாட்டுப் பாயில்தான்.