மச்சுல ஆந்தை, மீட்டர் பெட்டியில அணில்: ஒண்ணுக்குச் சோறு, ஒண்ணுக்கு மிளகாய்ப் புகையா?

மச்சுவீட்டு மருமகள்:

கும்பகோணம் பக்கம் எங்க வீடு. நாட்டு ஓடு போட்ட பழைய வீடு, நடுவுல முற்றம், மேல ஒரு மச்சு. மச்சுல யாரும் புழங்கறதில்ல. அண்டா, கால் போன ஸ்டூல், மாமனாரோட சைக்கிள் டயர்னு தூக்கிப் போட மனசு வராததெல்லாம் அங்கதான் கிடக்கு. மார்கழி கடைசியிலேர்ந்து ராத்திரியானா அங்கேர்ந்து ஒரு சத்தம். குக்கர்ல வெயிட் எழும்பறதுக்கு முன்னாடி 'ஸ்ஸ்ஸ்'னு வருமே, அதேதான், ஆனா நிக்கவே நிக்காது. பாம்புன்னு பயந்து ரெண்டு நாள் மாடிப்படி பக்கமே போகல.

போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர் டார்ச் எடுத்துக்கிட்டு ஏறினார். ஆந்தைக் குஞ்சு. நாலு. அண்டாவுக்குப் பின்னால சுவத்தை ஒட்டி வரிசையா நிக்குது, பெருசுலேர்ந்து சிறுசு வரைக்கும் படிக்கட்டு மாதிரி. உடம்பு பூரா பஞ்சு. மூஞ்சி மட்டும் நீளமா, கிழவன் மாதிரி. வெளிச்சம் பட்டதும் நாலும் ஒண்ணா தலையை இடமும் வலமும் ஆட்ட ஆரம்பிச்சுது, சாமி வர்றவங்க ஆடுவாங்களே, அப்படி. நான் ஏணியிலேர்ந்து விழாத குறை.

அத்தைகிட்ட சொல்லியிருக்கவே கூடாது. "சாக்குருவி வீட்டுல குடியேறிடுச்சா? மிளகாய் வத்தலைப் போட்டுப் புகை காட்டுங்கடா"ன்னு ஒரே பிடிவாதம். அந்த வாரம் பாத்து மூணாவது வீட்டுத் தாத்தா வேற போய்ச் சேந்துட்டார். அவருக்கு 91 வயசு, ஒரு வருஷமா படுக்கையில இருந்தவர். ஆனாலும் கணக்கு ஆந்தை பேர்ல எழுதியாச்சு.

நான் கேக்க வந்தது இதுதான். இதே அத்தைதான் தினம் காலையில கிணத்துக் கைப்பிடிச் சுவர்ல அணிலுக்குன்னு ஒரு பிடி சோறு வைப்பாங்க. அந்த அணில் வெயில்ல காயப்போட்ட மெத்தையைக் கடிச்சுப் பஞ்சை எடுத்து, மீட்டர் பெட்டிக்குள்ள கூடு கட்டிச்சு. சரிபண்ண வந்த எலக்ட்ரீஷியனை, குட்டி வெளியில வர்ற வரைக்கும் பெட்டியைத் தொடக்கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு வாரம் வாசல் விளக்கு எரியல! ஆந்தை எங்க வீட்டுல ஒரு பொருளைத் தொடல. அணிலுக்கு முதுகுல ராமர் கோடு இருக்கு, சரி. ஆந்தை என்ன பாவம் பண்ணிச்சு? மூஞ்சி மட்டும்தான் காரணமா?

இன்னொண்ணு, இதுங்க எத்தனை நாள்ல கிளம்பும்? எடுத்து வேற எடத்துல விடலாமா?

வரப்பு மேட்டான்:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதல்ல. எடுக்காதீங்க. ஆந்தை எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது, கூட்டைக் கலைச்சா கேஸ் ஆகும். குஞ்சு பொரிஞ்சு ரெண்டு மாசம் போல ஆனா தானா பறந்துடும். முட்டை ஒரே நாள்ல பொரியாது, ஒண்ணொண்ணா பொரியும். அதான் படிக்கட்டு மாதிரி நிக்குது.

நமக்கு மன்னார்குடி பக்கம் நாலு ஏக்கர். சம்பா பொதி கட்டற (கதிர் வெளியில வர்றதுக்கு முன்னாடி தண்டு பருக்கற) நேரத்துல எலி வெட்டு எப்படி இருக்கும்னு நட்டவனுக்குத்தான் தெரியும். வரப்போரம் நல்லா நிக்கும், உள்ள இறங்கிப் பாத்தா நடு வயல் வட்டமா மொட்டையடிச்ச மாதிரி கிடக்கும். எலிப் பொறியான கிட்டி வைக்கிற ஆளு கிட்டி வைப்பார், பிடிச்ச எலிக்கு இவ்வளவுன்னு கூலி. அதோட நான் தென்னை மட்டையைத் தலைகீழா அங்கங்க நட்டு வைப்பேன். ராத்திரி ஆந்தை வந்து அதுல உக்காரும். காலையில மட்டைக்கு அடியில கறுப்பா கட்டை விரல் தண்டி உருண்டை கிடக்கும். அது எச்சம் இல்ல. எலியை முழுசா முழுங்கிட்டு ரோமத்தையும் எலும்பையும் கக்கிப் போடற உருண்டை. தண்ணியில ஊறவெச்சுப் பிரிச்சுப் பாருங்க, மண்டையோடு முழுசா வரும். முன்பல்லு மஞ்சளா நீளமா இருந்தா எலி. பல்லு எல்லாம் பொடிப்பொடியா வெள்ளையா இருந்தா மூஞ்சூறு. பிள்ளையார் வாகனத்தையும் விடறதில்ல நம்மாளு.

ஒரே ஒரு விஷயம். வீட்டுல எலி கேக் வெச்சிருந்தா எடுத்துடுங்க. அதுல இருக்கற புரோமாடியோலோன்ங்கற விஷத்தைத் தின்ன எலி உடனே சாகாது, நாலஞ்சு நாள் தள்ளாடிக்கிட்டே திரியும். ஆந்தைக்கு அதைப் பிடிக்கிறதுதான் சுலபம். விஷம் அப்படியே மச்சுக்கு ஏறிடும்.

பகல்கனவு:

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மூஞ்சி மட்டும்தான் காரணமா என்கிற கேள்விக்கு மட்டும் என் பங்கு.

கொன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர் 1943-ல் ஒன்றைக் கவனித்து எழுதினார். பெரிய தலை, முன்னால் துருத்திய நெற்றி, பெரிய கண், உப்பிய கன்னம்: இவை எந்த உயிரிடம் இருந்தாலும் மனிதனுக்குக் கைக்குழந்தையைப் பார்த்த குழைவு வந்துவிடும் என்றார். அணிலுக்கு அது பொருந்துகிறது. போதாததற்கு உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துத் தின்கிறது, வாலில் முடி வேறு. அந்த முடியை எடுத்துவிட்டால் அதை எலி என்று துரத்தியிருப்போம், இரண்டும் கொறிணிதானே.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணக்குப்படி ஆந்தைக்குத்தான் முதல் மதிப்பெண் கிடைத்திருக்க வேண்டும். வட்டத் தலை, பெரிய கண், அதுவும் மற்றப் பறவைகளைப் போலப் பக்கவாட்டில் இல்லாமல் நம்மைப் போல முன்பக்கம். உங்கள் மச்சில் இருப்பது கூகை. அதன் முகம் வெள்ளை, கண் கறுப்பு. குழந்தை முகத்துக்கு ஒரு படி மேலே போய் மனித முகமாகவே ஆகிவிட்டது என்பது என் எண்ணம். மனித முகம் மனித உடம்பில் இல்லாவிட்டால் நமக்குக் குலை நடுங்குகிறது. 2017-ல் விசாகப்பட்டினத்தில் ஒரு கட்டடத்தில் இருந்த கூகைக் குஞ்சுகளைப் படம் பிடித்துப் போட, வேற்றுக்கிரகவாசி என்று உலகமெல்லாம் பரவியதே, நினைவிருக்கிறதா? நீங்கள் ஏணியில் பார்த்த அதே முகம்தான்.

அந்த முகம் அழகுக்காகவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. அது ஒரு காது. தட்டு மாதிரி இருக்கும் அந்த இறகு வட்டம் ஒலியைக் குவித்து உள்ளே அனுப்புகிறது. இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இருக்காது, ஒன்று சற்று மேலே. கும்மிருட்டில் சருகுக்கு அடியில் எலி அசைந்தால்கூட இடம் பிசகாமல் இறங்குவது இதனால்தான். கண் குழிக்குள் உருளாது என்பதால் தலையையே ஆட்டிப் பார்க்கின்றன. சாமியாட்டம் இல்லை அம்மா.

நற்றிணை 83-ஆம் பாட்டில் தோழி கூகையிடம் பேரம் பேசுவாள். ஊர்த் துறையில் இருக்கும் கடவுள் மரத்துக் கூகையே, இறைச்சி கலந்த நெய்ச்சோறும் சுட்ட எலிக்கறியும் தருகிறோம், எங்கள் காதலர் வரவை எதிர்பார்த்துத் தூங்காமல் இருக்கும் நேரத்தில் பயப்படும்படி குழறாதே என்கிறாள். வளைந்த வாய், தெளிந்த கண், கூர்மையான நகம் என்று அதை நன்றாகப் பார்த்துத்தான் சொல்கிறாள். அவளுக்குப் பயம் குரலில்தான், முகத்தில் இல்லை.

டோலிகஞ்ச் தமிழன்:

உங்க அத்தையை கொல்கத்தா கூட்டிட்டு வாங்க. இங்க இதே வெள்ளை மூஞ்சி ஆந்தைக்கு 'லொக்கி பேஞ்சா'ன்னு பேரு, லட்சுமியோட வாகனம். வீட்டுல வந்து அடைஞ்சா காசு வரும்னு நம்பறாங்க. எங்க வீட்டு ஓனர் அம்மா மாடி இடுக்குல ஒரு ஜோடி இருக்குன்னு பெருமையா காட்டினாங்க, வாடகையைக் குறைக்கலைங்கறது வேற விஷயம். மூஞ்சி ஒண்ணுதான், ஊர்தான் வேற.

அதுக்காக இங்க ஆந்தைக்கு ராஜ வாழ்க்கைன்னு நினைக்காதீங்க. வட இந்தியாவுல தீபாவளி சமயத்துல பூஜை, மாந்திரீகம்னு சொல்லிப் பிடிச்சு விக்கிற கூட்டமும் இருக்கு. சாமியா பாத்தாலும் ஆபத்து, பேயா பாத்தாலும் ஆபத்து.

ஈப்போ மணியம்:

நான் மலேசியா. அப்பா தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். ரப்பரை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட பிறகு எலித் தொல்லை அதிகம், பழக் குலையைக் கடித்து நாசம் பண்ணிவிடும். நிர்வாகம் கம்பம் நட்டு அதன்மேல் மரப்பெட்டி வைத்தது, ஆந்தை வந்து தங்குவதற்கு. மலாய்க்காரர்கள் ஆந்தையைப் 'புரோங் ஹந்து' என்பார்கள், பேய்ப் பறவை என்று அர்த்தம். நம் ஆட்களுக்கும் அதே பயம். விடியற்காலையில் வேலைக்காட்டுக்குப் போகும்போது பெட்டி இருக்கும் வரிசையை விட்டு அடுத்த வரிசையில் சுற்றிக்கொண்டு போவார்கள்.

பயம் போனதா என்றால் முழுதாகப் போகவில்லை. ஆனால் லயத்து வீட்டில் யாரும் பெட்டியில் கல் எறிந்ததில்லை. அது தோட்டத்து ஆள், நம்மைப் போல இராத்திரி ஷிப்ட் என்று அப்பா சொல்வார்.

மச்சுவீட்டு மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. உருண்டையைப் பிரிச்சுப் பாத்தேன், பழைய டப்பாவுல ஊறவெச்சு. ரெண்டு மண்டையோடு, மஞ்சப் பல்லு. என் ஏழு வயசுப் பொண்ணு அதை ஸ்கூலுக்குக் கொண்டு போவேன்னு அடம்.

அத்தைகிட்ட லட்சுமி வாகனம்னு சொன்னேன். "அது அவங்க ஊர் லட்சுமி"ன்னுட்டாங்க. அப்புறம் பஞ்சாங்கத்தை எடுத்துட்டு வந்தாங்க. ஆந்தை ஒரு தடவை கத்தினா சாவு, ரெண்டு தடவை கத்தினா நினைச்ச காரியம் கைகூடும்னு அதுல போட்டிருக்கு. இது கத்தவே இல்லையே அத்தை, ராப்பூரா 'ஸ்ஸ்ஸ்'னுதானே இருக்கு, இதை எப்படி எண்றதுன்னு கேட்டேன். கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுப் படுத்துட்டாங்க.

சும்மா ஒரு கேள்வி:

எல்லாரும் மாமியாரையே போட்டுத் தாளிக்கிறீங்க. ஒண்ணு கேக்கலாமா? அணிலுக்குச் சோறு, ஆந்தைக்குப் புகை, இது தப்புன்னு உங்களுக்குப் படுது. சரி. உங்க சமையல்கட்டுல எலி வந்தப்போ நீங்க என்ன பண்ணீங்க? பகல்கனவு ஐயா சொன்ன மாதிரி வால்ல முடி இல்லாத அணில்தானே அது.

மச்சுவீட்டு மருமகள்:

இதுக்கு ரெண்டு நாளா பதில் எழுதல. எழுதிடறேன்.

ஐப்பசியில அரிசி டிரம் பின்னாடி ஒட்டுப் பலகை வெச்சேன். நான்தான் வெச்சேன், அத்தை இல்ல. விடியக்காலம் நாலு மணிக்குக் 'கீச் கீச்'னு சத்தம். சின்ன எலி, ஒரு பக்கம் முழுக்க ஒட்டிக்கிட்டு ஒரு காலை மட்டும் இழுத்து இழுத்துப் பாக்குது. கண்ணு மிளகு மாதிரி கறுப்பா மின்னுச்சு. பலகையை மடிச்சு, பால் கவர்ல சுத்தி, குப்பை வண்டி வர்ற வரைக்கும் வாசல்ல வெச்சேன். காப்பி போடப் போயிட்டேன். குப்பை வண்டி ஏழரைக்குத்தான் வரும். அந்த மூணரை மணி நேரத்தை இப்பதான் கணக்குப் போடறேன், அன்னிக்குப் போடல.

அதனால அத்தையைப் பத்தி இனிமே நான் வாய் திறக்கல.

ஆனா அத்தை விஷயம் ஒண்ணு நடந்தது. நேத்து மத்தியானம் நான் துணி எடுக்கப் போயிட்டு வந்து பாத்தா, மர ஏணியில நாலாவது படியில நிக்கறாங்க, முட்டி வலிக்காரங்க! மச்சு வாசல்ல தலையை மட்டும் விட்டுப் பாத்துக்கிட்டு இருக்காங்க. பிடிச்சு இறக்கினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, "பெருசா நிக்குதே ஒண்ணு, அது அச்சு அசல் எங்க திருவையாத்துப் பெரியத்தைடி. அதே மூக்கு. வெள்ளைப் புடவையை முக்காடு போட்டுக்கிட்டுத் திண்ணையில உக்காந்து எல்லாரையும் இப்படித்தான் பாப்பாங்க."

அந்தப் பெரியத்தையைக் கண்டா இவங்களுக்கு நடுக்கமாம். கல்யாணமான புதுசுல ஒரு வருஷம் அவங்க முன்னாடி உக்காந்ததே இல்லையாம். பிடிச்சிருக்குன்னு சொல்லல, பாவம்னும் சொல்லல. "பெரியத்தைக்கு எப்படிடி மிளகாய்ப் புகை போடறது"ன்னு முனகிக்கிட்டே உள்ள போயிட்டாங்க. சோறு வைக்கிறது இன்னும் அணிலுக்கு மட்டும்தான்.

எலி கேக் எங்க வீட்டுல இல்ல, வரப்பு அண்ணே. ஒட்டுப் பலகை ரெண்டு, பிரிக்காம அலமாரி மேல இருக்கு. இன்னும் தூக்கிப் போடல. அரிசி டிரம் பின்னாடி நேத்து மறுபடியும் புழுக்கை பாத்தேன். மச்சுல இருக்கறவங்க சமையல்கட்டு வரைக்கும் இறங்கி வர மாட்டாங்களே.